ஆர்கேட் பெட்டிக்கு மாற்றுப் படக்குழாய்: தேடலும் பொருத்தலும்

காசு போட்டு ஆடும் பழைய வீடியோ கேம் பெட்டியில் எது கெட்டாலும் பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். பலகை உளுத்தால் தச்சர் இருக்கிறார். ஜாய்ஸ்டிக்கும் பட்டனும் புதிதாகவே கடையில் கிடைக்கின்றன. கேம் போர்டில் நினைவகச் சிப் போனால் வேறொன்றில் அதே நிரலை எழுதிப் பொருத்திக்கொள்ளலாம். பிக்சர் டியூப் போனால்தான் கை பிசைய வேண்டியிருக்கிறது. டிவி அளவுக்குக் கலர் டியூப் செய்துகொண்டிருந்த பேராலைகள் எல்லாம் மூடிவிட்டன. இனி கிடைப்பதெல்லாம் ஏற்கெனவே செய்து வைத்ததுதான். அது எங்கே இருக்கிறது, அதை எடுத்து வந்து ஆர்கேட் பெட்டிக்குள் எப்படி உட்கார வைப்பது என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி. தமிழ்நாட்டில் இதற்கு ஒரே பதில்தான் உண்டு என்பது என் முடிவு. டியூப் டிவியிலிருந்து வரும். அதுவும் காஞ்சிபுரம் போன்ற ஊர்களின் பரணிலிருந்தும் காயலான் கடையிலிருந்தும் வரும். பொருத்தும் திறமை, ஐம்பதைத் தாண்டிய டிவி மெக்கானிக்குகளிடம் இருக்கிறது. இரண்டுக்கும் அதிக காலம் இல்லை.

இந்தியா டியூபை இறக்குமதி மட்டும் செய்த நாடு அல்ல. கறுப்பு வெள்ளைக் காலத்தில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் செய்தது. கலர் வந்தபின் காஸியாபாத்தில் சாம்டெல், மொஹாலியில் ஜே.சி.டி. எலெக்ட்ரானிக்ஸ், குவாலியரில் ஹாட்லைன் என வடக்கே வரிசையாக ஆலைகள் எழுந்தன. குஜராத்தின் பரூச்சில் வீடியோகான் டியூபுக்கான கண்ணாடியையே வார்த்தது. உலகின் பிற ஆலைகள் மூடிக்கொண்டே வந்தபோது, அமெரிக்காவில் உடைத்த பழைய டியூப் கண்ணாடிகூட உருக்கப்படுவதற்காக இங்கே கப்பலேறி வந்தது. கடைசியில் இந்த ஆலைகளும் ஓய்ந்தன. பழைய டியூபின் கழுத்தை அறுத்து, புதிய எலெக்ட்ரான் கன் வைத்து, மறுபடி காற்றை உறிஞ்சி மூடும் ‘ரீபில்ட்’ தொழிலும் நம் நாட்டில் நன்றாகவே நடந்தது. இன்று யாராவது ஒருவர் அந்த அடுப்பையும் வேக்குவம் பம்பையும் மறுபடி இயக்கினால் இந்தக் கட்டுரைக்கே பாதி வேலை இருக்காது. ஆனால் அமெரிக்காவின் ஹாக்-ஐ, பிரான்சின் ராக்ஸ் போன்ற பெயர் பெற்ற ரீபில்ட் பட்டறைகளே 2010-களின் தொடக்கத்தில் கதவை மூடிவிட்டன. ஆகவே இருக்கிற டியூபைத் தேடுவதுதான் வழி.

இங்கே தமிழ்நாட்டுக்கு ஒரு தனி வரலாறு உண்டு. சென்னைத் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியது. 1982-ல் ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி நாட்டில் கலர் வந்தது. காஞ்சிபுரம் சென்னையிலிருந்து சுமார் 75 கிலோமீட்டர்தான் என்பதால், உயரமான குழாயில் ஆன்டெனா கட்டியவர்கள் சென்னை ஒளிபரப்பைப் பிடித்துப் பார்த்தார்கள். இருந்தாலும் நெசவாளர் வீட்டில் கலர் டிவி பரவலாக நுழைந்தது அதற்கும் வெகுகாலம் கழித்துத்தான். 2006 தேர்தல் வாக்குறுதிப்படி தி.மு.க. அரசு இலவசக் கலர் டிவித் திட்டத்தை அந்த ஆண்டு செப்டம்பர் 15-ல், அண்ணா பிறந்தநாளில், தொடங்கியது. அண்ணா 1909-ல் பிறந்த ஊர் இதே காஞ்சிபுரம். அரசு நிறுவனமான எல்காட் டெண்டர் விட்டு வாங்கிய 14 அங்குலப் பெட்டிகள், 2011-ல் ஆட்சி மாறித் திட்டம் நிற்பதற்குள் ஒன்றரைக் கோடி வீடுகளுக்கு மேல் போய்ச் சேர்ந்துவிட்டன. உலகம் எல்.சி.டி.க்கு மாறிக்கொண்டிருந்த ஆண்டுகளில், ஒரே அளவுள்ள ஒன்றரைக் கோடிப் படக்குழாய்கள் ஒரு மாநிலத்துக்குள் வந்து இறங்கின. டியூபைத் தேடுகிறவர் கண்ணால் பார்த்தால் இதைவிடப் பெரிய புதையல் வேறெங்கும் இல்லை.

பிள்ளையார்பாளையம் போன்ற நெசவுத் தெருக்களில் இந்தப் பெட்டிகள் வெகுகாலம் ஓடின. தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்தவர் நாடாவை வீசிக்கொண்டே பாட்டைக் கேட்பார், எப்போதாவது நிமிர்ந்து பார்ப்பார். கேபிள் டிஜிட்டலாகி செட்டாப் பாக்ஸ் வந்தபோதும் ஏ.வி. ஒயரைச் செருகி அதே டிவியில் பார்த்தார்கள். பிறகு 32 அங்குல எல்.இ.டி. விலை இறங்கியது, பழையது பரணுக்குப் போனது. ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒதுக்கப்பட்டது என்பதுதான் நமக்கு நல்ல செய்தி. இவற்றில் பல டியூப்கள் தேய்ந்து கெடவில்லை, வேண்டாம் என்று வைக்கப்பட்டவை.

14 அங்குல டியூப் ஆர்கேட் பெட்டிக்கு எதற்கு ஆகும் என்று கேட்கலாம். இங்கே அளவுக் குழப்பம் ஒன்றைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் படம் தெரியும் பகுதியை மட்டும் அளந்து அங்குலம் சொன்னார்கள். ஜப்பானிலும் நம் ஊரிலும் கண்ணாடியை விளிம்போடு சேர்த்து அளந்தார்கள். ஆகவே அமெரிக்க ஆர்கேட் புத்தகத்தில் ‘13 அங்குல மானிட்டர்’ என்று இருந்தால் அது நம் கடையின் 14 அங்குலம். அவர்களின் 19 நம் 20. அவர்களின் 27 நம் 29. டாங்கி காங் பெட்டிகளில் நின்டெண்டோ வைத்த சான்யோ மானிட்டர் 20 அங்குலம் என்று பெயர் பெற்றதும், அதே கண்ணாடியை அமெரிக்கர்கள் 19 என்று அழைப்பதும் இதனால்தான். மேசை வடிவிலும் சிறிய வடிவிலும் வந்த பேக்-மேன் பெட்டிகள் அந்த 13 அங்குலத்தில்தான் ஓடின. நம் இலவச டிவியின் கண்ணாடி அந்த வகைப் பெட்டிகளின் சட்டத்துக்கு அளவில் ஒத்துவரும். நின்று ஆடும் பெரிய பெட்டிக்கு 20, 21 அங்குல டிவியைத் தேட வேண்டும். அதுவும் தொண்ணூறுகளின் வீடுகளில் குறைவில்லை.

அளவைக் கையால் அளப்பதைவிட டியூபின் முதுகில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படிப்பது மேல். எண் ‘ஏ’ என்ற எழுத்தில் தொடங்கினால் டிவி டியூப். ‘எம்’ என்றால் கம்ப்யூட்டர் மானிட்டர் டியூப். அடுத்து வரும் எண் படம் தெரியும் மூலைவிட்டம், சென்டிமீட்டரில். ஏ34 என்றால் நம் 14 அங்குலம், ஏ48 என்றால் 20, ஏ51 என்றால் 21, ஏ68 என்றால் 29. சீட்டு கிழிந்திருந்தால் டியூபை விட்டுவிட வேண்டியதில்லை. டேப்பை வைத்து அளந்துகொள்ளலாம். கம்ப்யூட்டர் மானிட்டர் டியூபைப் பழைய ஆர்கேட் பெட்டிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அதன் புள்ளிகள் மிக நுணுக்கமானவை, வெளிச்சம் குறைவு. பழைய ஆட்டத்தின் படத்தில் கோடுகள் தனித்தனியே பிரிந்து, உயிரில்லாமல் நிற்கும்.

அளவு பொருந்தினால் மூன்றில் ஒரு பங்கு வேலைதான் முடிந்திருக்கிறது. அடுத்தது கழுத்து. மெக்கானிக்குகள் ‘பெரிய நெக்’, ‘சின்ன நெக்’ என்பார்கள். பெரியது 29.1 மில்லிமீட்டர், சின்னது 22.5. எண்பதுகளின் ஆர்கேட் மானிட்டர்களில் பெரிய நெக் அதிகம். பிற்காலச் சிறிய டிவிகளில் சின்ன நெக்தான் வழக்கம். ஆகவே இலவச டிவியின் டியூபை வைத்தவுடனே பழைய நெக் போர்டின் சாக்கெட் உட்காராது. புதிய டியூபுக்குரிய சாக்கெட்டை டிவியின் நெக் போர்டிலிருந்து கழற்றி, ஆர்கேட் நெக் போர்டுக்கு ஒயர் ஒயராக இழுக்க வேண்டும். பிட்னி முறையில் முந்தானைக்குப் புதுப் பாவை பழைய பாவோடு இழை இழையாகச் சேர்க்கும் நெசவாளரின் பொறுமை இதற்கு வேண்டும். சிவப்பு, பச்சை, நீலக் கேத்தோடுகள் மூன்று, கன்ட்ரோல் கிரிட், ஸ்கிரீன், போகஸ், ஹீட்டருக்கு இரண்டு. ஒன்று மாறினாலும் போச்சு. போகஸ் ஒயரில் சில ஆயிரம் வோல்ட் ஓடுவதால் அதற்கு மட்டும் தடித்த உறையுள்ள ஒயர் வேண்டும். பழைய சாக்கெட்டில் இருந்த ஸ்பார்க் கேப்புகளை மறந்துவிட்டால், ஒருநாள் டியூபுக்குள் பொறி தெறிக்கும்போது வீடியோ டிரான்ஸிஸ்டர்கள் மொத்தமாகப் போகும்.

ஹீட்டர் பெரும்பாலும் இரண்டு பக்கமும் 6.3 வோல்ட்தான் என்பது ஆறுதல். ஆனால் அது எல்.ஓ.டி. எனப்படும் லைன் அவுட்புட் டிரான்ஸ்பார்மரிலிருந்து வரும் துடிப்பு மின்சாரம். சாதாரண மல்டிமீட்டர் அதைத் தப்பாகக் காட்டும். மீட்டரில் தெரியும் எண்ணை நம்பி ஒரு சுற்று கூட்டியோ குறைத்தோ வைத்து டியூபைக் கெடுத்தவர்கள் உண்டு. உண்மையான ஆர்.எம்.எஸ். காட்டும் மீட்டர் இல்லையென்றால், நல்ல நிலையில் இருக்கும் டிவியின் ஹீட்டர் நிறத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே மேல்.

கழுத்துக்கு அடுத்தது விரிகோணம். 14, 20, 21 அங்குல டிவிகள் பெரும்பாலும் 90 டிகிரி. 29 போன்ற பெரியவை 110-ஐ ஒட்டி வரும். அமெரிக்க 19 அங்குலத்தில் 90-ம் உண்டு, 100-ம் உண்டு. கோணம் கூடக் கூட டியூப் குட்டையாகும். கதிரை அதிகம் வளைக்க அதிக மின்னோட்டம் வேண்டும். அதைச் செய்வது கழுத்தில் மாட்டியிருக்கும் யோக். டியூப் மாற்றுவதில் பாதிச் சண்டை இந்த யோக்கோடுதான்.

இதில் இரண்டு சிந்தனைப் பள்ளிகள் உண்டு. கழுத்தும் கோணமும் ஒன்றாக இருந்தால் ஆர்கேட் மானிட்டரின் பழைய யோக்கைக் கழற்றிப் புதிய டியூபில் மாட்டிவிடு என்பது ஒன்று. மானிட்டரை இயக்கும் மின்சுற்றுப் பலகையான சேசிஸுக்கும் யோக்குக்கும் ஏற்கெனவே பொருத்தம் இருப்பதால் மின்சாரப் பக்கம் கவலையில்லை. ஆனால் யோக்கும் டியூபும் ஆலையில் ஜோடியாகச் சரிசெய்து ஒட்டப்பட்டவை. ஜோடி பிரிந்தால் மூன்று நிறமும் ஒரே இடத்தில் விழ வைக்கும் வேலையை முதலிலிருந்து செய்ய வேண்டும். டிவியின் யோக்கோடு சேர்த்தே டியூபை எடுத்து, சேசிஸை அதற்குப் பழக்கு என்பது இரண்டாவது பள்ளி. நிறம் கச்சிதமாக இருக்கும். ஆனால் யோக்கின் கிடைக் காயிலின் இண்டக்டன்ஸ் சேசிஸ் எதிர்பார்ப்பதைவிடக் குறைவாக இருந்தால் படம் பக்கவாட்டில் வழியும், லைன் அவுட்புட் டிரான்ஸிஸ்டர் சூடேறும், ஆனோடுக்குப் போகும் உயர் மின்னழுத்தமும் (ஈ.எச்.டி.) மாறும். கிடைக் காயில் ஓரிரு ஓம், செங்குத்துக் காயில் பத்தை ஒட்டி என்பது டிவியில் சாதாரணம். சில பழைய ஆர்கேட் சேசிஸ்களின் செங்குத்துக் காயில் அதைவிடப் பல மடங்கு காட்டும். அங்கே டிவி யோக் ஒத்துவரவே வராது.

நான் முதல் பள்ளியைச் சேர்ந்தவன். யோக் பொருந்தாமல் சேசிஸ் எரிந்தால் திரும்பி வராது. நிறம் பிசகினால் ஒரு மாலை உட்கார்ந்து திருத்திவிடலாம். அஸ்டராய்ட்ஸ் போன்ற கோட்டுப்பட ஆட்டங்களுக்கு இதில் மறுபேச்சே இல்லை. அந்த மானிட்டர்கள் படத்தை வரிவரியாக வரைவதில்லை. கதிரை நேராக இழுத்துக் கோடு போடுகின்றன. அவற்றின் யோக்கே தனி வகை. டியூபை மாற்றலாம், யோக்கைக் காப்பாற்றியே ஆக வேண்டும்.

இனி காயலான் கடை. அங்கே டியூபை எடைக்கு வாங்கும்போது மின்சாரம் கொடுத்துப் பார்க்க முடியாது. ஆனால் கழுத்துக்குள் எட்டிப் பார்க்க முடியும். கன்னுக்கு அருகே கண்ணாடியின் உட்புறத்தில் வெள்ளிப் பூச்சுப் போன்ற ஒரு திட்டு பளபளக்கும். டியூபுக்குள் எஞ்சிய காற்றை விழுங்குவதற்காக ஆலையில் பூசப்பட்டது அது, கெட்டர் என்பார்கள். வெள்ளி வெள்ளியாகவே இருந்தால் வெற்றிடம் பத்திரம். பால் நிறமாக வெளுத்திருந்தால் காற்று புகுந்துவிட்டது. அந்த டியூப் செத்தது, விலை பேச வேண்டாம். கழுத்தின் கடைசியில் பின்களுக்கு நடுவே உள்ள சின்னக் கண்ணாடி முனையையும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். பல நல்ல டியூப்கள் வண்டியில் குலுங்கி அந்த முனை உடைந்தே சாகின்றன. முகத்தில் செட்டாப் பாக்ஸின் முத்திரையோ சேனல் பெயரோ நிழலாகத் தெரிந்தால் பாஸ்பர் எரிந்திருக்கிறது. ஆர்கேட்டில் இது பழைய நோய். மாதக்கணக்கில் ஒரே ஆட்டத்தை ஓட்டிய பேக்-மேன் பெட்டிகளில், மின்சாரம் இல்லாதபோதே வழித்தடச் சுவர்களைக் கண்ணாடியில் படித்துவிடலாம். நாம் டியூபை மாற்றுவதே பெரும்பாலும் அதனால்தான். எரிந்ததை எடுத்துவிட்டு இன்னொரு எரிந்ததை வைப்பதில் பொருளில்லை.

மின்சாரம் கொடுத்துப் பார்க்க வாய்த்தால் ‘ரெட் கன் வீக்’, ‘எமிஷன் இல்லை’ என்ற மெக்கானிக்கின் தீர்ப்பைக் கேட்கலாம். படம் தெளிய நேரம் எடுத்தால், வெள்ளை நிறத்தில் ஒரு சாயல் விடாமல் நின்றால், கேத்தோடு தேய்ந்திருக்கிறது. இதற்கு நம் ஊரில் ‘பூஸ்டர்’ போடும் வழக்கம் இருந்தது. எல்.ஓ.டி. கோரில் ஒரு சுற்று ஒயர் கூடுதலாகச் சுற்றி ஹீட்டர் வோல்டேஜை ஏற்றிவிடுவார்கள். படம் எழுந்து நிற்கும், ஆனால் மிச்சமிருக்கும் ஆயுளைக் கடன் வாங்கித்தான். வீட்டு டிவிக்கு அது நியாயமாக இருந்தது. வேறு டியூப் வாங்கக் காசில்லாத குடும்பத்துக்கு இன்னும் ஒரு வருடம் கிடைத்தது. இனி உற்பத்தியே இல்லாத பொருளுக்கு அது சரியல்ல. வீக்கான டியூபை வீக்காகவே வைத்திருந்தால், நாளை எவராவது ரீபில்ட் தொடங்கினால் அதன் கண்ணாடி உதவும்.

கையாளுவதில் பயப்பட வேண்டிய இடம் எது, வேண்டாத இடம் எது என்று தெளிவு வேண்டும். 14 அங்குல முகத்தின் மேல் காற்று அழுத்தும் விசை அரை டன்னுக்கு மேல். 20 அங்குலத்தில் ஒரு டன்னைத் தாண்டும். முகக் கண்ணாடி தடியானது, சுற்றிலும் இரும்புப் பட்டை இறுக்கிப் பிடித்திருக்கிறது, எளிதில் உடையாது. கழுத்து மெல்லியது. எனவே கழுத்தைப் பிடித்து டியூபைத் தூக்கவே கூடாது. முகத்தை மார்போடு அணைத்து, பட்டையின் கீழ்மூலைகளைத் தாங்கி எடுக்க வேண்டும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் தடித்த சட்டையும் கட்டாயம். முதுகில் உள்ள ஆனோடு தொப்பிக்குக் கீழே 20,000 வோல்ட் தங்கியிருக்கும். அணைத்து வைத்து நாள்கணக்கான பின்னும் ஒரு பகுதி அங்கேயே நிற்கும். நீளமான ஸ்க்ரூ டிரைவரில் ஒயர் கட்டி, அதன் மறுமுனையை டியூபின் முதுகில் கறுப்புப் பூச்சை ஒட்டி ஓடும் பின்னல் கம்பியில் மாட்டி, ஒற்றைக் கையால் தொப்பிக்குள் நுழைத்து இறக்க வேண்டும். சேசிஸ் கிரவுண்டில் மாட்டினால் அந்த அதிர்ச்சி ஐ.சி.க்களைத் தின்றுவிடும். ஒருமுறை இறக்கியதோடு நிறுத்தாமல் கொஞ்ச நேரம் கழித்து மறுபடி இறக்குவது நல்லது. கண்ணாடிக்குள் ஊறியிருந்த மின்னூட்டம் மெல்ல மேலே வரும்.

பெட்டிக்குள் உட்கார வைப்பது தச்சு வேலைக்கும் பட்டறை வேலைக்கும் நடுவில் இருப்பது. இரும்புப் பட்டையின் நான்கு மூலைகளிலும் காதுகள் இருக்கும். டிவியில் அவை பிளாஸ்டிக் முகப்போடு முடுக்கப்பட்டிருக்கும். ஆர்கேட் மானிட்டரில் உலோகச் சட்டம். காதுகளின் இடைவெளி ஒவ்வொரு கம்பெனிக்கும் சில மில்லிமீட்டர் மாறும் என்பதால் சட்டத்தின் துளையை நீளவாட்டில் அரம் போட்டு விரிக்க வேண்டியிருக்கும். காதை அடித்து வளைக்கக் கூடாது. பட்டையின் இறுக்கம் தளர்ந்தால் டியூபின் பாதுகாப்பே போய்விடும். பழைய டியூபின் முகம், திரையைச் சுற்றியுள்ள சட்டமான பெசலிலிருந்து எவ்வளவு உள்ளே இருந்தது என்பதைக் கழற்றுவதற்கு முன்பே அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். முகத்தின் வளைவு மாறினால் பெசலின் அட்டையை வெட்டித் திருத்த வேண்டும். அதற்குக் காஞ்சிபுரத்தில் கல்யாண மேடை அலங்காரம் செய்கிறவர்களிடம் கிடைக்கும் கறுப்பு போம் ஷீட் போதும். திரையில் படியும் காந்தத்தைப் போக்கும் டீகாஸ் காயிலையும் பின்னல் கம்பியையும் பழைய டியூபிலிருந்து எடுத்துப் புதியதில் கட்ட மறந்துவிட்டு எல்லாவற்றையும் முடுக்கிய பின் தலையில் கைவைப்பது எல்லோருக்கும் நேர்வது.

இனி நிறம். யோக்கைக் கழற்றி மாட்டியிருந்தால் இங்கிருந்துதான் மெக்கானிக்கின் கை தெரியும். பச்சையையும் நீலத்தையும் அணைத்து, திரை முழுக்கச் சிவப்பைக் கொடுப்பார். யோக்கைக் கழுத்தில் பின்னோக்கி இழுப்பார்; திரையில் சிவப்பு ஒரு வட்டமாகச் சுருங்கி, ஓரங்களில் வேறு நிறம் படரும். கழுத்தின் பின்பக்கம் இருக்கும் ஜோடிக் காந்த வளையங்களில் முதல் ஜோடியைத் திருப்பித் திருப்பி அந்தச் சிவப்பு வட்டத்தைத் திரையின் நடுவுக்குக் கொண்டு வருவார். பிறகு யோக்கை மெல்ல முன்னால் தள்ள, சிவப்பு விரிந்து நான்கு மூலையையும் நிரப்பும். அந்தக் கணத்தில் கிளாம்பை இறுக்க வேண்டும். அடுத்த இரண்டு ஜோடி வளையங்கள் நடுவில் மூன்று நிறக் கோடுகளையும் ஒன்றாக்குவதற்கு. ஓரங்களுக்கு யோக்கை மேலும் கீழும் பக்கவாட்டிலும் சற்றே சாய்த்து ரப்பர் ஆப்பு செருகுவார்கள். முகம் பார்க்கும் கண்ணாடியைத் திரைக்கு எதிரே வைத்துக்கொண்டு பின்னாலிருந்தபடி இதையெல்லாம் செய்து முடிக்கும் ஒருவரைப் பார்ப்பது, சரிகைக் கோர்வையில் இரண்டாவது ஆள் இல்லாமல் ஒருவரே கரை பிசகாமல் நெய்வதைப் பார்ப்பதற்குச் சளைத்ததல்ல.

நம் மண்ணுக்கே உரிய ஒரு செய்தி இதில் இருக்கிறது. அமெரிக்க, ஜப்பானிய வழிகாட்டிகளில் இதற்கு இடமில்லை. எலெக்ட்ரான் கதிரைப் பூமியின் காந்தப்புலமும் வளைக்கும். அதனால்தான் ஆலைகள் வட அரைக்கோளம், தென் அரைக்கோளம், நிலநடுக்கோட்டுப் பகுதி என்று மூன்று விதமாக டியூபைச் சரிசெய்து அனுப்பின. காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிச் செல்கிறது; திருநெல்வேலியில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருப்பதும் அதனால்தான். ஆகவே காஞ்சிபுரத்தில் காந்தப்புலத்தின் செங்குத்துப் பங்கு மிகக் குறைவு. வடக்கு நோக்கிய கிடைப் பங்கு உலகிலேயே வலிமையான இடங்களில் ஒன்று. சிகாகோவில் சரிசெய்து வந்த மானிட்டர் இங்கே ஓரத்தில் கறை காட்டினால் டியூப் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம்; முதல் ஜோடி வளையத்தைச் சற்றே திருப்பினால் போதும்.

படுக்கை வாட்டில் இருக்கும் டியூபில் நிறக்கோடுகள் மேலிருந்து கீழாக ஓடுகின்றன. பெட்டி கிழக்கையோ மேற்கையோ பார்த்து நின்றால் நம் கிடைப்புலம் கதிரைக் கொஞ்சம் மேலோ கீழோ தள்ளும். அது கோட்டின் நெடுக்கிலேயே போவதால் நிறம் கெடாது. ஆனால் பேக்-மேன் போலவும் பல விமானச் சண்டை ஆட்டங்கள் போலவும் டியூபை நிமிர்த்தி வைத்த பெட்டிகளில் நிறக்கோடுகள் குறுக்கே படுத்துவிடுகின்றன. அங்கே அதே தள்ளல் ஒரு நிறத்திலிருந்து அடுத்த நிறத்துக்குக் கதிரை நகர்த்தும். ஆகவே நிமிர்த்திய டியூபைப் பட்டறை மேசையில் சரிசெய்து கொண்டுபோய் வைப்பது வீண் வேலை. பெட்டி எங்கே, எந்தத் திசை பார்த்து நிற்கப் போகிறதோ அங்கேயே வைத்து, டீகாஸ் செய்து, அதன் பிறகு வளையத்தைத் தொட வேண்டும். பெட்டிக்குள் இருக்கும் ஸ்பீக்கரின் காந்தமும் இதே விளையாட்டைக் காட்டும். டிவி ஸ்பீக்கரைப் போலக் கவசம் உள்ளதைப் போடுவது நல்லது.

பழைய சேசிஸே போய்விட்டது என்றால்? நம் ஊர் மெக்கானிக் தயங்காமல் ‘சைனா கிட்’ என்பார். எந்த டியூபுக்கும் ஓரளவு ஒத்துப்போகும் அந்த மலிவான போர்டால்தான் அசெம்பிள் டிவி என்ற ஒரு தொழிலே நடந்தது. டிவியின் சொந்த சேசிஸையே டியூபோடு சேர்த்து ஆர்கேட் பெட்டிக்குள் வைப்பதும் நடக்கிற காரியம்தான். யோக் பிரச்சினையே வராது. ஆனால் கேம் போர்டு கொடுப்பது சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியாக. ஏ.வி. ஒயர் வழியே விட்டால் எழுத்துகளின் ஓரம் கலங்கும். டிவியின் வீடியோ வேலையைக் கவனிக்கும் ஜங்கிள் ஐ.சி.யில் சேனல் எண்ணைத் திரையில் காட்டுவதற்கு உள்ள மூன்று நிற நுழைவாயில்களைப் பிடித்து, கேம் போர்டின் வோல்டேஜை ரெசிஸ்டரால் குறைத்து அங்கே செலுத்த வேண்டும். நம் டிவி வினாடிக்கு 50 முறை படம் வரையும் பால் முறை. ஆட்டங்கள் 60-ஐ ஒட்டி ஓடும். இலவச டிவி காலத்துப் பெட்டிகள் பல இரண்டையும் பிடித்துக்கொள்ளும். உயரம் மட்டும் திருத்த வேண்டும். இன்னொரு எச்சரிக்கை: அமெரிக்க மானிட்டர்கள் பலவற்றுக்கு ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் கட்டாயம். நம் 230 வோல்ட்டுக்கு வெறும் ஆட்டோ டிரான்ஸ்பார்மரைப் போட்டு 110 ஆக்கினால் வோல்டேஜ் சரியாக இருக்கும், ஆனால் சேசிஸ் முழுதும் மின்சாரம் நிற்கும்.

இத்தனையும் எதற்கு, ஒரு எல்.சி.டி.யை வைத்துவிடலாமே என்பவர்களுக்கும் மரியாதையான பதில் உண்டு. வாடகைக்கு விடும் பெட்டிக்கு, திருவிழாப் பந்தலுக்குப் பந்தல் வண்டியேறும் பெட்டிக்கு, எல்.சி.டி.யே சரி. எடை குறைவு, உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் துப்பாக்கி ஆட்டங்கள் பல கதிர் திரையில் எந்தக் கணத்தில் எங்கே இருக்கிறது என்பதைக் கொண்டே குறியைக் கண்டுபிடிக்கின்றன, எல்.சி.டி.யில் அவை குருடு. அந்தக் காலத்து ஓவியர்களும் டியூபின் மினுக்கத்தையும் கோடுகளுக்கு இடையிலான இருட்டையும் கணக்கில் வைத்தே புள்ளிகளை அடுக்கினார்கள். அதை அவர்கள் வரைந்தபடி பார்க்க வேண்டுமானால் டியூப் வேண்டும். எல்லாப் பெட்டியையும் காப்பாற்ற முடியாது. மூல நிலையில் இருக்கும் சிலவற்றுக்காவது நல்ல டியூப்களை ஒதுக்கி வைக்க வேண்டும் என்பதுதான் என் வாதம்.

அந்த ஒதுக்கல் இப்போது நடக்கவில்லை. காயலான் கடையில் டிவி வந்து விழுந்ததும் முதலில் போவது யோக். அதன் செம்புக்கு எடைக்கு விலை உண்டு. அதைச் சீக்கிரம் கழற்ற கழுத்தை ஒரே தட்டில் உடைக்கிறார்கள். அந்தத் தட்டோடு டியூப் முடிந்தது. மிச்சமிருக்கும் கண்ணாடியின் புனல் பகுதியில் ஈயம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். உள்ளே ஒட்டியிருக்கும் பாஸ்பர் தூள் மூச்சில் போகக் கூடாதது. முன்பெல்லாம் இந்தக் கண்ணாடியைப் புதிய டியூப் செய்ய எடுத்துக்கொண்டார்கள். இப்போது எடுக்க ஆளில்லாததால் ஏரிக்கரையிலும் காலி மனையிலும் கொட்டப்படுகிறது. மின்கழிவு விதிகள் 2012 முதல் நடைமுறையில் உள்ளன, 2023 ஏப்ரலிலிருந்து புதிய விதிகள் வந்திருக்கின்றன. ஆனால் தெருமுனைத் தராசு வரை அவை இன்னும் இறங்கவில்லை. காஞ்சிபுரத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் நடுவே சுங்குவார்சத்திரத்தில் 2007-ல் தொடங்கிய சாம்சங் டிவி ஆலை இருக்கிறது. புதிய டிவி வெளியேறும் அதே சாலையில் பழைய டிவி வந்து சேர ஒரு முறையான இடமும் இருந்தாக வேண்டும்.

அதுவரை செய்யக் கூடியது சிறியது. ஊரில் உள்ள மெக்கானிக்கும் காயலான் கடைக்காரரும் ஒரு புரிதலுக்கு வரலாம்: டியூப் முழுசாக, யோக் கழற்றாமல் வந்தால் செம்பின் விலையைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பது. வாங்கியதும் முதுகில் ஒரு சீட்டு ஒட்டி டியூப் எண், நெக் அளவு, யோக்கின் இரண்டு காயில்களின் ஓம், எந்த டிவியிலிருந்து வந்தது, எந்தக் கன் எப்படி இருக்கிறது என்று எழுதி வைப்பது. நெக் போர்டையும் சாக்கெட்டையும் சேர்த்தே ஒரு பையில் போட்டுக் கட்டிவிடுவது; நாளை பொருத்துகிறவருக்கு ஒரு நாள் வேலை மிச்சம். ஆனோடை இறக்கிவிட்டு, துணி விரித்த பலகையில் முகம் கீழாக, கழுத்து மேலாக வைக்க வேண்டும். ஒன்றின்மேல் ஒன்று அடுக்கக் கூடாது. கழுத்துக்குப் பக்கத்தில் எலி ஓடாத இடமாகப் பார்க்க வேண்டும்.